லயத்து வாசலில் ஒரு நாய்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலே, காலையில் ஆட்கள் பெரட்டுக்களத்துக்குப் போய்விட்ட பின்னர் லயங்களைக் காப்பவர் யார் என்று கேட்டால், ஒரு கிழவியும் ஒரு நாயும் என்று விடை சொல்லிவிடலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறிவிடுகிறார்கள். இறப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டுவோர் அதற்கும் முன்பாக, இருள் பிரியும் வேளையிலேயே, கத்தியும் வாளியுமாகப் புறப்பட்டுவிடுகிறார்கள். சிறுவர் பாடசாலையிலும், குழந்தைகள் பிள்ளை மடுவத்திலும் இருக்கின்றனர். பூட்டிய காம்பராக்களின் முன்னால், இஸ்தோப்புத் தூணில் இரண்டு முழச் சங்கிலியால் கட்டப்பட்ட நாய்கள் மாத்திரம், மாலை ஆட்கள் திரும்பும் வரையில் பாதையைப் பார்த்தபடியே கிடக்கின்றன.

இந்த நாய்களைப் பற்றிய முறைப்பாடுகள் எல்லாத் தோட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றேதான். இரவெல்லாம் குரைக்கிறது, அடுத்த காம்பராக்காரர் உறங்க முடிவதில்லை. கொழுந்து லொறியையும் முச்சக்கர வண்டியையும் துரத்துகிறது. கருவாட்டைத் திருடுகிறது, கோழியைக் கடித்துப் போடுகிறது. கூப்பிட்டால் வருவதில்லை. இவையெல்லாம் சிறு தொல்லைகள் எனலாம். ஆனால் ஒருநாள் அந்த நாய் அயல் வீட்டுக் குழந்தையின் கையைக் கவ்விவிட்டால், அதன் கதை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. யாரோ சோற்றில் நஞ்சைக் கலந்து வைப்பார்; அல்லது நாயைச் சாக்கில் கட்டி, லொறியிலேற்றி, பத்து மைலுக்கப்பால் ஏதோவொரு கடைத்தெருவில் இறக்கிவிடுவார்கள். இறக்கிவிடப்பட்ட நாய் அவ்வூரின் தொல்லையாகிறது. லயத்திலோ இரண்டு குடும்பங்கள் மாதக்கணக்கில் முகம் பார்ப்பதில்லை.

நாயின் குற்றம் என்று நாம் சொல்லுவனவற்றிற் பெரும்பாலானவை நாய் கற்றுக்கொண்ட பாடங்களே. கற்பித்தவரும் வீட்டாரே, அவர்கள் கற்பிக்கிறோம் என்று அறியாமற் கற்பித்தார்கள் என்பதே வேறுபாடு.

தமிழருக்கு நாயின் இயல்பு புதியதன்று. யானையை ஒத்தவரின் நட்பை விட்டு நாயை ஒத்தவரின் நட்பைக் கொள்ளுமாறு கூறுவது நாலடியார். யானை பழகிய பாகனையே கொன்றுவிடக்கூடும். நாயோ தன்மேல் வேலெறிந்த உடையவனைக் கண்டாலும் வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. கேகாலை மாவட்டத்தவர் இவ்வொப்புமையை நேரிலேயே காணலாம். 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பின்னவலை யானைகள் சரணாலயத்திலே, பெரிய யானையும் பாகனின் ஒரு சொல்லுக்குக் கால் மடக்குகிறது, திரும்புகிறது, நிற்கிறது. யானைக்குச் சொற்களைக் கற்பிக்கப் பாகன் பல நாட் பாடுபடுகிறான். கற்பதற்கு அதனினும் ஆவல் மிக்க நாய்க்கோ, அதன் பெயரையும் நாலு வசவுகளையும் தவிர வேறு சொல் கற்பிப்பார் இல்லை.

ஒரு காலத்தில் தோட்டங்களில் இக்கலை இருந்ததுண்டு. பங்களாவில் இருந்தது, லயத்தில் இல்லை. நுவரெலியாவில் வேட்டைநாய்க் கூட்டம் வளர்த்த சாமுவேல் பேக்கர், இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும் பற்றி எழுதிய நூல் 1854இல் வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த துரைமார் பலரும் வேட்டைக்கும் காவலுக்கும் நாய்களை வைத்திருந்தனர். அவற்றுக்கு நேரந்தவறாது இறைச்சியும் சோறும் வைத்து, உலாத்திக் கொண்டுவந்து, உண்ணி பொறுக்கி, ஒரு விசிலுக்கு ஓடிவரப் பழக்கியவர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியே. பங்களா நாயை இவ்வளவு நேர்த்தியாகப் பழக்கிய அதே மனிதர், மாலையில் லயத்துக்குத் திரும்பித் தம் வீட்டு நாயைக் காலால் எற்றுவதும் நடந்தது. அவருடைய நாளில் மிஞ்சியிருந்தது அவ்வளவே போலும். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையானபோது பழைய துரைமாரும் அவர்களுடைய வேட்டைநாய்க் கொட்டில்களும் போயின. அந்தப் பழக்கும் வித்தையும் பேரப்பிள்ளைகளுக்குக் கைம்மாறாமலே போயிற்று.

நாய்க்கு யார் தலைவன் என்பதைக் காட்டிவிட வேண்டும், இல்லையேல் அது நம்மை ஆளத் தொடங்கிவிடும் என்று கருதுவோர் பலர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கங்காணி முறை பழக்கப்பட்டதொன்றாகையால், நாய்க்கும் ஒரு கங்காணி வேண்டும் என்று எண்ணுவதில் வியப்பில்லை. இக்கருத்தின் ஒரு வேர் ஓநாய்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இருந்தது. 1947இல் ருடொல்ப் ஷெங்கெல் என்பவர், கூண்டிலே ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களின் சச்சரவுகளைக் கண்டு எழுதினார். பின்னர் டேவிட் மெக் என்னும் அமெரிக்க அறிஞர், காட்டிலே இயல்பாக வாழும் ஓநாய்க் கூட்டம் தாயும் தந்தையும் குட்டிகளுமான ஒரு குடும்பமே என்று 1999இல் எடுத்துக் காட்டி, தாமே முன்னர் எழுதியதையும் திருத்திக்கொண்டார். ஆகவே நாயை மல்லாத்திப் போட்டு அமுக்குவதும், கழுத்தைப் பிடித்து உலுக்குவதும் தலைமையைக் காட்டுவன ஆகா. அவை கையைக் கண்டு அஞ்சும் நாயைத்தான் உண்டாக்கும். அஞ்சிய நாய், ஓட இடமிருந்தால் ஓடும்; சங்கிலியில் கட்டுண்டிருந்தால் கடிக்கும். லயத்து நாய்களுக்கு ஓட இடமில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, பழக்குவது எங்ஙனம்? 1898ஆம் ஆண்டில் தோண்டைக் என்பவர் பூனைகளைப் பெட்டியில் அடைத்து ஆராய்ந்து கண்ட உண்மை எளியது. ஒரு செயலைச் செய்த உடனே நன்மை கிட்டினால் அச்செயல் வேரூன்றும். நன்மை கிட்டாவிட்டால் மெல்ல மறையும். இதிலே கவனிக்கவேண்டிய சொல் ‘உடனே’ என்பதாகும். நாய் தான் செய்ததையும் தனக்கு நேர்ந்ததையும் இணைத்துக்கொள்வது ஓரிரு வினாடிக்குள்தான்.

இந்த ஒரு சொல்லை மறந்ததால் விளைந்த துன்பத்துக்கு அளவில்லை. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய் மாலையில் மலையிலிருந்து இறங்கி வருகிறாள். முதுகு நோகிறது. வாசலிலே, புதிதாக வாங்கிய செருப்பு கடித்துக் குதறப்பட்டுக் கிடக்கிறது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. அவள் செருப்பை எடுத்து அதன் மூஞ்சியில் நாலு வைக்கிறாள். அவள் தண்டித்தது செருப்பைக் கடித்ததற்காக. நாய் தண்டனை பெற்றது ஓடி வந்ததற்காக. கடித்தது காலை பத்து மணிக்கு. அது நாயின் நினைவில் இந்த அடியோடு சேரவே சேராது. மறுநாள் அவள் வரும்போது அந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டு கானுக்குள் பதுங்குகிறது. “பார், செய்த குற்றம் அதற்குத் தெரிகிறது!” என்கிறார்கள். அதற்குத் தெரிவது வேறு. இந்த வேளையில், இந்த முகத்தோடு வரும் இந்த மனுஷி அடிப்பாள் என்பதே அது. கூப்பிட்டால் வராத நாய்கள் இவ்வாறுதான் ஆக்கப்படுகின்றன. செருப்பை உறிமேல் வைத்திருந்தால் செருப்பும் மிஞ்சியிருக்கும், நாயும் மிஞ்சியிருக்கும். கடிப்பதற்கென்று அதற்கு ஒரு காய்ந்த தேங்காய் மட்டையைப் போட்டுவைத்தால் பகற்பொழுதும் கழியும்.

லொறியைத் துரத்துவதற்கு வருவோம். லொறி வருகிறது, நாய் பாய்ந்து குரைக்கிறது, லொறி போய்விடுகிறது. லொறி எப்படியும் போகத்தான் போகிறது என்பது நமக்குத் தெரியும். நாயோ, தான் விரட்டியதால்தான் அது போயிற்று என்று ஒவ்வொரு நாளும் வெற்றிக் களிப்போடு திரும்புகிறது. தபால்காரரை எதிர்ப்பதும் இதே கணக்குத்தான். இந்த வெற்றியை நிறுத்தாமல், வசவினால் மாத்திரம் இதனை நிறுத்த முடியாது. லொறி வரும் நேரம் தோட்டத்தில் அநேகமாக மாறாத நேரம். அந்நேரத்துக்கு முன்னரே நாயைக் கயிற்றில் பிடித்து, பாதையிலிருந்து விலகிய இடத்தில் நிறுத்த வேண்டும். இரைச்சல் தொலைவிற் கேட்டதும், அது குரைக்குமுன், ஒரு ரொட்டித் துண்டு. லொறி நெருங்க நெருங்க இன்னும் ஒன்று. லொறி மறைந்ததும் ரொட்டியும் மறைய வேண்டும். சில வாரங்களில் இரைச்சல் கேட்டதும் நாய் பாதையைப் பாராமற் கையைப் பார்க்கத் தொடங்கும். அதன்பின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இரவிற் குரைப்பது எல்லாவற்றிலும் பெரிய வழக்கு. லயத்திலே ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் என்பதால், நாயின் குரல் ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியதாக இருப்பதில்லை. ஒரு நாய் தொடங்கினால் கோடிக் காம்பரா வரையில் அத்தனை நாய்களும் எதிர்க்குரல் கொடுக்கும். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் “சீ, சும்மா கிட!” என்று கத்துகிறார். நாய்க்கு அது தன் எசமானனும் கூடக் குரைப்பதாகவே படுகிறது. இன்னும் ஊக்கத்தோடு தொடர்கிறது. கொள்ளிக்கட்டையை எறிவோரும் உண்டு. அது நாயை இருட்டுக்கே அஞ்சவைக்கும். அஞ்சும் நாய் இன்னும் அதிகம் குரைக்கும்.

முதலில், குரைப்பதன் காரணத்தைத் தேட வேண்டும். பகல் முழுவதும் கட்டுண்டு தூங்கிய நாய்க்கு இரவில் தூக்கம் எங்கிருந்து வரும்? மாலையில் அரை மணி நேரம் பிள்ளைகளோடு மலைப்பாதையில் நடந்து வந்து, வயிறாரத் தின்ற நாய் பாதி இரவையேனும் உறங்கிவிடும். கட்டும் இடத்தை மாற்றுவதும் பயன் தரும்: பாதை தெரியும் முன்பக்கத்தை விட்டு, பாதை தெரியாத பின்பக்கத்தில் கட்டுவது. இரண்டு முழச் சங்கிலிக்குப் பதிலாக, இரு மரங்களுக்கிடையே கம்பியிழுத்து, அதில் வளையமிட்டு, நாய் அங்குமிங்கும் நடக்கும்படி செய்யலாம். செலவு மிகச் சிறிது.

அடுத்து, குரைப்பது முழுவதையும் ஒழிக்க முயலக்கூடாது. நாய் வைத்திருப்பதே அதற்காகத்தானே! காட்டுப்பன்றி மரவள்ளியைக் கிண்டும்போது நாய் சொல்லாவிட்டால் யார் சொல்லுவார்? சிவனொளிபாத மலைக் காட்டை அடுத்த தோட்டங்களில் சிறுத்தை வருவதுமுண்டு. அதற்கு நாயே விருப்பமான இரை என்பதால், அவ்விடங்களில் இரவில் நாயை வெளியே கட்டிவைப்பது அதனைப் பலியாக வைப்பதே ஆகும். ஆகையால் நாய் மூன்று முறை குரைத்ததும் வீட்டார் எழுந்து வந்து பார்க்க வேண்டும். “போதும்” என்று தாழ்ந்த குரலிற் சொல்ல வேண்டும். மூச்சுவாங்க அது நிறுத்தும் அந்த ஒரு கணத்திலேயே வாயில் ஒரு துண்டு. முதலில் ஒரு கணத்து மௌனத்துக்கு, பின்னர் ஐந்து எண்ணும் மௌனத்துக்கு, பின்னர் இருபது எண்ணும் மௌனத்துக்கு. பகலிலேயே இதனைப் பழக்கிவிட்டால் இரவில் எழும் வேலை குறையும். வேறெதற்குமின்றி வீட்டாரை வரவழைக்கவே குரைக்கும் நாய்க்கு வழி வேறு. அதனிடம் போகவே கூடாது. அப்போது முதல் மூன்று நான்கு இரவுகள் குரைப்பு முன்னிலும் மிகும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது எந்த உயிரும் ஒருமுறை உரத்துக் கேட்டுப் பார்க்கும். அந்த இரவுகளில் மனம் இளகி எழுந்து போனால், உரத்துக் கேட்டாற் கிடைக்கும் என்பதையே கற்பித்தவராவோம். அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஒரு வாரம் பொறுக்கும்படி கேட்டால் பொறுப்பார்கள். கேளாமல் விட்டால்தான் சோற்றில் நஞ்சு வரும்.

பாய்ந்து ஏறுவதும் விளையாட்டாகக் கடிப்பதும் குட்டிப் பருவத்திலேயே திருத்தத்தக்கவை. குட்டி மேலே பாயும்போது சிறுவர் கூச்சலிட்டு ஓடுகிறார்கள். குட்டிக்கு இதனைவிடச் சிறந்த பரிசு வேறில்லை. மரம்போல் நின்று முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நாலு காலும் நிலத்தில் படிந்ததும் குனிந்து தடவ வேண்டும். “இரு” என்னும் சொல்லை இதனுடன் சேர்த்துப் பழக்கலாம். ரொட்டித் துண்டை மூக்குக்கு மேலாகப் பின்னோக்கிக் கொண்டுபோனால் தலை நிமிரும், பின்புறம் தானே தாழும். அமர்ந்த கணத்தில் கொடுப்பது. இரண்டு மூன்று நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம். ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லையே சொல்ல வேண்டும். தகப்பன் “இரு” என்கிறான், மகன் பாடசாலையிற் கற்ற ஆங்கிலத்தில் “சிட்” என்கிறான், பாட்டி “உக்காரு” என்கிறாள். பின்னர் நாய்க்கு மூளையில்லை என்று மூவரும் ஒருமனதாகத் தீர்ப்பளிக்கிறார்கள்!

சோற்றுத் தட்டை அணுகினால் உறுமும் நாயை அடிப்பது ஆபத்து. உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்து அதனை அடக்கிவிட்டால் எச்சரிக்கை மறையும், அச்சம் மறையாது. பின்னர் உறுமாமலே கடிக்கும். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி வைத்தியசாலைக்குப் போனவர்கள் பலர். உறுமாத நாய் கடிக்காது என்று எவரும் புதுமொழி ஒன்றை உண்டாக்கிவிடலாகாது. இத்தகைய நாயின் தட்டருகே பெரியவர் ஒருவர் எட்ட நின்று, அதன் சோற்றைவிடச் சுவையான ஒன்றை, ஒரு கருவாட்டுத் தலையை, எறிந்துவிட்டு அகல வேண்டும். நாளுக்கு நாள் ஓரடி நெருங்கலாம். வரும் கை பறிக்க வருவதன்று, கொடுக்க வருவது என்பதை அது உணரும். குழந்தைகளை இதில் ஒருபோதும் ஈடுபடுத்தக்கூடாது.

சித்திரை மாதத்து இடியோசைக்கும் தீபாவளி வெடிக்கும் நடுங்கும் நாயை உள்ளே விட்டு, கட்டிலின் கீழ் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தால் போதும். தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்பது வீண் எண்ணம்.

குட்டியின் மனம் விரிந்து கிடக்கும் காலம் குறுகியது. ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் ஆகிய இருவரும் அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான பருவமே நாய் மனிதரோடு பழகக் கற்கும் பருவம் என்றனர். அப்பருவத்தில் பல முகங்களைக் கண்ட குட்டி பின்னர் முகம் கண்டு வெருளாது. சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு இது தனிப் பொருளுடையது. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. கிராமத்தவர் தோட்டப் பாதையாலும், தோட்டத்தவர் கிராமப் பாதையாலும் நடக்கின்றனர். லயத்து முகங்களை மாத்திரம் கண்டு வளர்ந்த நாய், கிராமத்து மனிதர் மீது பாய்கிறது. “உன் நாயை ஏவிவிட்டாய்” என்ற சொல் அங்கே நாயோடு நிற்பதில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இதனை நன்கறிவர். குட்டியைக் கையிலேந்தி, கிராமத்துக் கடை வரையில் கொண்டுபோய், கடைக்காரரின் கையாலேயே ஒரு பிஸ்கோத்துத் துண்டைக் கொடுக்கச் செய்வது, நாய்க்கும் நல்லது, ஆட்களுக்கும் நல்லது.

இவ்வளவும் செய்தும் நாய் கடித்துவிட்டால், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் அப்புவது கூடாது. கடித்த நாயைக் கொன்றுவிடுவதும் தவறு. கட்டிவைத்து இரு வாரம் கவனிக்க வேண்டும். விசர்நாய்க்கடி நோய் தோன்றியபின் அதற்கு மருந்தில்லை. 1973ஆம் ஆண்டில் இந்நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை இருபது, முப்பது என்னும் அளவுக்கு இறங்கியிருப்பதற்கு நாய்களுக்குப் போடப்படும் தடுப்பூசியே முதற்காரணம். நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஊசி போடப்பட்டால் நோய் பரவும் வழி அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

இங்கேதான் பழக்காத நாயின் குறை முழுவதும் வெளிப்படுகிறது. தடுப்பூசிக் குழுவினர் லயத்துக்கு வரும் நாளில், பாதி நாய்கள் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து மறைந்துவிடுகின்றன. உடையவன் கூப்பிடுகிறான், வந்தவனுக்கு அடி என்று கற்றிருக்கும் நாய் வருமா? பிடித்தாலும் நிற்பதில்லை, கழுத்தில் கைபட்டதும் திரும்பிக் கடிக்கிறது. ஊசி போடாமலே குழுவினர் அடுத்த லயத்துக்குப் போய்விடுகின்றனர். ஊசி மிகவும் வேண்டியிருந்த நாய் எதுவோ அதுவே ஊசியின்றித் தப்பிவிடுகிறது.

இதற்கான பழக்கம் மிக எளிது. வீட்டிலிருக்கும் கிழவியே செய்துவிடலாம். பகலில் நாயை மடியருகே அழைத்து, ஒரு கையால் கழுத்தை அணைத்து, மறு கையால் காதைத் தொட்டு ஒரு துண்டு. பாதத்தைப் பிடித்து ஒரு துண்டு. தோளின் தோலைச் சற்றே இழுத்துவிட்டு ஒரு துண்டு. நாய் நெளிந்தால் விட்டுவிட்டு, நெளியாத அளவுக்கு இறங்கி மறுபடியும் தொடங்குவது. உண்ணி பொறுக்கும் வேளையோடு இதனைச் சேர்த்துக்கொண்டால் தனி நேரமும் வேண்டாம். ஊசிக்காரர் வரும் நாளில் அவள் இஸ்தோப்பில் அமர்ந்து “வா” என்கிறாள்; நாய் வந்து அவள் முழங்காலில் தலையை வைக்கிறது. தோளின் தோல் இழுபடுகிறது. அது கருவாட்டுத் தலை எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.